கறந்த சூடு

செப்டம்பர் 9, செவ்வாய்

எங்கள் மாடு செவலை, கன்று வீசிவிட்டது. ஏழு மாதச் சினை. காலையில் சாணி அள்ளப் போனபோது பின்னால் இரண்டு குளம்பு வெளியே தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் இழுத்தார், நான் கீழே விழாமல் ஏந்திப் பிடித்தேன். கிடேரி. உடம்பில் ரோமம் முளைக்க ஆரம்பித்திருந்தது. மூச்சு இல்லை.

செவலை திரும்பி அதை நக்கிப் பார்த்தது. பிறகு வைக்கோல் தின்னப் போய்விட்டது.

"சந்தையில சினை மாடு வாங்குனா இப்பிடித்தான்" என்றார் அப்பா.

"வித்தவன் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அம்மா.

"அவன் எதுக்குளா சொல்லப் போறான். சொன்னா யாரு வாங்குவா."

கன்றை வாய்க்கால் ஓரமாகப் புதைத்தோம். மண் கட்டி தட்டியிருந்ததால் முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்ட முடியவில்லை.

இந்த டைரி பால் சொசைட்டியில் அப்பாவுக்குக் கொடுத்தது. போன வருஷத்துடையது. கிழமை ஒன்று பிந்தியிருக்கும், அடித்துத் திருத்திக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் பெயர் எழுத இடம் இருந்தது. பேச்சியம்மாள் என்று எழுதினேன். வயது பதினாறு. படிப்பு ஒன்பது. மாடு பார்க்க ஆள் இல்லாததால் பிள்ளையை நிறுத்திவிட்டோம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். நான் நின்றபோது எங்களிடம் மாடு இல்லை.

செப்டம்பர் 10, புதன்

நஞ்சுக்கொடி ராத்திரி முழுக்க விழவில்லை. காலையில் அப்பா பாதியை இழுத்தார், மீதியை நான் இழுத்தேன். வாடை பலமாக இருந்தது.

எங்கள் ஊரில் மாடு ஈன்றால் கொடியை வைக்கோலில் சுற்றி, உரச் சாக்கில் போட்டு, குளத்தங்கரை ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆலமரத்தில் பால் இருப்பதால் மாட்டுக்கும் பால் வரும். செத்துப் பிறந்த கன்றின் கொடியையும் கட்டலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது.

"கன்னே போச்சு. கொடியையும் அதுகூடப் போட்டு மூடிர வேண்டியதுதான்" என்றாள் அம்மா.

"கன்னு போனா பாலும் வேண்டாமா ஒனக்கு? கொடி தொங்குனாத்தான் மடி எறங்கும்" என்றார் அப்பா.

அப்பா சொன்னபடி நடந்தது. சாக்கைத் தலையில் வைத்து நான்தான் கொண்டுபோனேன். ஒழுகி முழங்கை வரை வந்துவிட்டது. அப்பாவால் மரம் ஏற முடியாது, ஏறி முடிச்சுப் போட்டதும் நான்தான். ஏற்கெனவே பதினாறு சாக்கு தொங்கியது. எங்களுடையது பதினேழு. இறங்கிக் குளத்தில் கை கழுவினேன். பக்கத்தில் நாலைந்து மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

செப்டம்பர் 13, சனி

செவலைக்குப் பால் வந்துவிட்டது. நேரத்துக்கு ஒரு செம்பு. கொடி வேலை செய்கிறது என்கிறார் அப்பா.

பால் கொஞ்சமாக இருப்பதால் இப்போதைக்கு சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம், மயினிக்குக் கொடுக்கலாம் என்று அம்மா முடிவு செய்தாள். மயினி என்றால் அண்ணன் மனைவி, ஆவுடைச்செல்வி. அண்ணன் கோட்டயத்தில் பேக்கரியில் இருக்கிறான். மயினிக்கு இது நாலாம் மாதம். கல்யாணமாகி நாலு வருஷம். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. அதனால் வீட்டில் எதைச் செய்தாலும் அவளை மனதில் வைத்துத்தான் செய்கிறோம். கறிவேப்பிலை தாளித்தால்கூட அவளுக்கு வாடை போகாமல் கதவைச் சாத்துகிறோம்.

"அடுப்புல வச்சா சத்தெல்லாம் ஆவியாப் போயிரும். கறந்த சூட்டோட குடிக்கணும். நொரை அடங்குமுன்ன கொண்டு குடுத்திரணும் பாத்துக்கோ" என்றாள் அம்மா.

அது என் வேலை. செவலையின் மடியிலிருந்து டம்ளருக்கே நேராகக் கறந்து, ஓட்டமாகப் போய் மயினியிடம் கொடுக்க வேண்டும். மயினி மூக்கைப் பிடித்துக்கொண்டு பாதி குடித்தாள். மீதியை என்னிடம் நீட்டினாள்.

"அத்தகிட்டச் சொல்லிராத என்ன" என்றவள், தானே சிரித்தாள். "ஒங்கிட்டப் போயி சொல்லுதேன் பாரு. பேருதான் பேச்சி."

மீதியை நான் குடித்தேன். கீழே ஊற்ற மனம் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆலமரத்தில் பதினாறு சாக்குதான் இருந்தது. இரண்டு தடவை எண்ணினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

பக்கத்து வீட்டு வேலம்மா சித்தி காலையில் சத்தம் போட்டாள். நாய்கள் எதையோ இழுத்துவந்து அவள் வைக்கோல் படப்பில் போட்டுப் பிய்த்துவைத்திருக்கின்றன.

"எந்த வீட்டுக் கொடியோ, சாக்கோட கெடக்கு. கட்டத் தெரியாத கையி கட்டியிருக்கு" என்றாள். ஒரு குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டாள். அவளுடைய மாடு அந்தப் படப்பிலிருந்துதான் வைக்கோல் உருவித் தின்கிறது. அதுவும் சினை.

நான் அப்போது தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். நின்று கேட்டுவிட்டுப் போனேன். முடிச்சு நன்றாகத்தான் போட்டேன்.

அக்டோபர் 4, சனி

முழங்கால் வலிக்கிறது. சாயங்காலம் உடம்பு சுடுகிறது. வெயிலில் புல் அறுத்ததுதான் காரணம். காலையில் சரியாகிவிடுகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று மேகமூட்டம். சாயங்காலம் சுட்டது. நேற்றைய வெயிலாக இருக்கும்.

அக்டோபர் 11, சனி

மயினிக்குக் காய்ச்சல். அம்மா கஷாயம் வைத்தாள். குடித்ததும் வாந்தி எடுத்துவிட்டாள். வாந்தி எடுத்ததால் தெம்பு வேண்டும் என்று இரண்டு டம்ளர் பால் கறக்கச் சொன்னாள் அம்மா.

அக்டோபர் 16, வியாழன்

மயினியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அம்மா, மயினி, நான். நான் பையைத் தூக்கிக்கொள்ளப் போனேன்.

டாக்டர் இளவயது. முன்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருந்ததால் வேகமாகக் கேட்டார்.

"எத்தனை நாளா காய்ச்சல்?"

"ஆறு நாளா. காலையில எறங்கிருது, சாயந்தரம் ஏறிருது" என்றாள் அம்மா.

"வீட்டைச் சுத்தித் தண்ணி நிக்குதா? கொசு இருக்கா?"

"கொசு இல்லாத ஊரு எங்க இருக்கு சார்."

"குடிக்கிற தண்ணியெல்லாம் சுட வச்சுத்தான குடுக்கீங்க? பாலு?"

"பாலு சூடாத்தான் சார். ஆறுன பால ஒருநாளும் குடுத்ததில்ல."

டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள்.

அம்மா பொய் சொல்லவில்லை. பால் சூடாகத்தான் இருக்கும். பஸ்ஸில் வரும்போது அது ஏன் என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 18, சனி

ரத்தத்தில் டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இல்லாத காய்ச்சல்கள் இரண்டும் தெரிந்துவிட்டன. இருக்கிற காய்ச்சல் எது என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அண்ணனுக்கு லீவு இல்லை. பேக்கரிக்கு இப்போதுதான் வியாபாரம். மயினி புதுச்சேலையை மடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அக்டோபர் 25, சனி

காய்ச்சல் நாலு நாள் நின்றது. சரியாகிவிட்டது என்று அம்மா சுடலைமாடனுக்குத் தேங்காய் உடைத்தாள். இன்று திரும்ப வந்துவிட்டது.

மயினிக்கு இடுப்பும் வலிக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன். வேர்வையில் சேலை நனைந்து, நனைந்த வைக்கோல் வாடை அடித்தது. என் பாவாடையிலும் அதே வாடைதான் அடிக்கிறது. மாட்டுக்கொட்டிலில் நிற்பதால்தான்.

"பேச்சி, இதுவும் போயிருமாட்டி?" என்று மயினி கேட்டாள்.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஒங்கூடப் பேசுறதும் கோயில்ல போயிப் பேசுறதும் ஒண்ணுதான். கேட்டுக்கிடும், பதில் வராது" என்றாள். பிறகு என் கையை எடுத்து வயிற்றின் இடது பக்கம் வைத்தாள். "இங்கன பாரு. நேத்துல இருந்து அசையுது."

சின்ன மீன் திரும்பியது போல இருந்தது. கையை எடுக்கவில்லை. அம்மா கூப்பிட்ட பிறகுதான் எடுத்தேன்.

அக்டோபர் 29, புதன்

வேலம்மா சித்தியின் மாடு கன்று வீசிவிட்டது. சித்தி உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். மாட்டு டாக்டர் எஸ்தர் ஸ்கூட்டரில் வந்தார். தோள் வரை கையுறை போட்டிருந்தார். கொடியைக் கையால் தொடக் கூடாது, மரத்தில் கட்டக் கூடாது என்று சொல்லி, ஆழமாகக் குழி வெட்டச் செய்து, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வைத்தார். மாட்டுக்கு ரத்தம் எடுத்தார்.

தெருவே கூடி நின்றது. அம்மா வயலில் இருந்தாள். அப்பாவும் நானும் நின்றோம். டாக்டர் வருவதற்கு முன்பே அப்பா என்னைப் பார்த்து, "நம்ம செவலையப் பத்திக் கேட்டா வாயத் தொறக்காத" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்கிட்டப் போயி சொல்லுதேன்."

"இந்தத் தெருவுல வேற யாரு வீட்டு மாடாவது கன்னு வீசிச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

யாரும் பேசவில்லை. மாடு கன்று வீசியது வெளியே தெரிந்தால் சொசைட்டியில் அந்த வீட்டுப் பாலை எடுக்க யோசிப்பார்கள். இந்த மாதம்தான் அப்பா மறுபடி ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்.

டாக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். இது ஒரு கிருமியாக இருக்கலாம். மாட்டிலிருந்து மனிதருக்கு ஏறும். கொடி வழியாகவும் ஏறும், பால் வழியாகவும் ஏறும். காய்ச்சல் வரும், போகும், திரும்ப வரும். மூட்டு வலிக்கும். "முக்கியமா மாசமா இருக்கவங்கள இந்த மாடு கிட்ட விடாதீங்க. மாட்டுக்கு ஆன மாதிரியே அவங்களுக்கும் ஆயிரும். பால சூடு பண்ணாம யாரும் குடிக்காதீங்க."

"சூடு ஆறுன பால நாங்க தொடவே மாட்டோம் டாக்டரம்மா" என்றாள் சித்தி.

"நல்லது" என்றார் டாக்டர்.

அப்பாவும் தலையை ஆட்டினார். "நம்ம வீட்டுலயும் சூடாத்தான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது என்னவென்று பிடிபட்டது. டாக்டர் சொல்வது அடுப்புச் சூடு. இவர்கள் சொல்வது கறந்த சூடு. இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள்.

டாக்டர் ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே போனேன். "என்னம்மா?" என்றார். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கிடந்த கையுறை ஒன்றை எடுத்து நீட்டினேன். "அத ஏன் வெறுங்கையால தொடுற? போய் சோப்புப் போட்டுக் கழுவு" என்றார். நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அக்டோபர் 30, வியாழன்

காலைப் பால் கொட்டிவிட்டது. வாசல்படி தடுக்கியது.

மயினியிடம் சொல்லலாம் என்று போனேன். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். மாட்டுக்கு ஆன மாதிரி என்பதை அவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. போர்வையை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

காலைப் பால் கொட்டிவிட்டது. செவலை உதைத்தது.

சாயங்காலப் பாலும் கொட்டிவிட்டது. செவலை திரும்ப உதைத்தது. செவலை எங்கள் வீட்டுக்கு வந்து யாரையும் உதைத்ததில்லை. அம்மா அதன் கழுத்தைத் தடவி, "என்னட்டி ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டாள். அதுவும் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 1, சனி

பால் கொட்டிவிட்டது. "இன்னைக்கு எது தட்டிவிட்டுச்சு?" என்று அம்மா கேட்டாள். யோசித்து வைக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மாவே கறக்க ஆரம்பித்துவிட்டாள். டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் ஒரு கொதி வர வைத்து மயினியிடம் கொடுத்தேன்.

"என்னட்டி, இன்னைக்கு ஆடை மெதக்கு?" என்றாள் மயினி. அவளுக்கு நாக்கு வெந்துவிட்டது. அம்மா அடுப்படியில் பால் பாத்திரத்தைப் பார்த்துவிட்டாள்.

"வயித்துப் பிள்ளைக்காரிக்கு நல்ல பாலக் குடுக்க ஒனக்கு மனசில்லையாட்டி? மூணு நாளு கொட்டுன, இன்னைக்குக் கொதிக்க வச்சுக் கெடுத்துட்ட. என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்க?"

மயினியும் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"அந்த டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

சாயங்காலம் அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை நின்றாள். மயினி முழுவதையும் குடித்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

மத்தியானம் மயினிக்கு அடிவயிற்றில் வலி வந்தது. சேலையில் லேசாக ரத்தம். ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையம் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். அப்பாவும் வந்தார். மயினி வழி முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாது.

பெரிய டாக்டர் ஒரு பெண். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார். பழைய சீட்டுகளைப் பார்த்தார். குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் காய்ச்சல் ஏன் விட்டு விட்டு வருகிறது என்று தெரியாமல் எந்த மருந்தும் கொடுக்க முடியாது என்றார். பிறகு முதலிலிருந்து கேட்டார். கொசு, தண்ணீர், எலி. கடைசியில் அந்தக் கேள்வியும் வந்தது.

"வீட்ல மாடு இருக்கா? பால் எப்படிக் குடிக்கிறாங்க?"

"சூடாத்தான் குடுப்போம்மா" என்றாள் அம்மா.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இல்ல" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. சத்தம் வரவில்லை போல. எழுந்து நின்றேன்.

"இல்ல. அது கறந்த சூடு."

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அடுத்த கட்டில்காரர்களும் திரும்பினார்கள். டாக்டர் பேனாவை அப்படியே வைத்திருந்தார். "அப்படின்னா என்னம்மா?" என்றார். ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அந்த வார்த்தை தெரியவில்லை.

"மடியில இருந்து வார சூடு. அடுப்புல வைக்கல. நாந்தான் கறந்து குடுப்பேன்."

அப்பா இருமினார். அவர் பக்கம் பார்த்தால் நின்றுவிடும் என்று தெரிந்ததால் டாக்டரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எங்க மாடு கன்னு வீசிருச்சு. செப்டம்பர் ஒம்பது. ஏழு மாசம். பக்கத்து வீட்டு மாடும் போன வாரம் வீசிருச்சு. மாட்டு டாக்டர் ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காவ. அவிய சொன்ன காய்ச்சலும் மயினிக்கு வர்ற காய்ச்சலும் ஒண்ணா இருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாட்டு டாக்டரின் ஊரையும் பெயரையும் கேட்டார். சொன்னேன். அங்கேயே போன் செய்தார். பேசிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். போனை வைத்ததும், "நீதான் கறப்பியா? கொடியும் நீ தொட்டியா?" என்றார்.

"தொட்டேன்."

"பால் குடிச்சியா?"

"பாதி."

"உனக்குக் காய்ச்சல் இருக்கா?"

"சாயந்தரம் இருக்கும். ஒரு மாசமா."

அம்மா என் நெற்றியில் கையை வைத்தாள். வைத்துவிட்டு எடுக்கவில்லை. "ஏன்ட்டி சொல்லல?"

"கேக்கலையே" என்றேன்.

கோபத்தில் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

நவம்பர் 7, வெள்ளி

மயினிக்கும் எனக்கும் அதேதான். புருசெல்லோசிஸ். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லை. அவர்கள் டீதான் குடிப்பார்கள். டீ கொதித்துவிடுகிறது.

ஆறு வாரம் மாத்திரை. நடுவில் ஒருநாள்கூட விடக் கூடாது. மயினிக்கு ஒரு வகை, எனக்கு வேறு வகை. என்னுடையதில் ஒன்று வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, மாறிப் போகக் கூடாது என்று நர்ஸ் மூன்று தடவை சொன்னார். மயினியின் மாத்திரைப் பையில் சிவப்புத் துணி கட்டினேன்.

ரத்தம் நின்றிருக்கிறது. பிள்ளை தங்குமா என்று அம்மா கேட்டாள். "மருந்து லேட்டா ஆரம்பிச்சிருக்கோம். ரொம்ப லேட் இல்ல" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மா எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டாள்.

நவம்பர் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பயப்படவில்லை. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து மயினியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மயினி சிரித்தாள். சிரித்து இருபது நாள் ஆகியிருக்கும்.

அப்பா என்னிடம் பேசுவதில்லை. நான் பேசாமல் இருப்பதற்கும் அவர் பேசாமல் இருப்பதற்கும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டர் எஸ்தர் வந்து செவலையைப் பார்த்தார். ரத்தத்தில் இருக்கிறதாம். சித்தி மாட்டுக்கும் இருக்கிறது. மாட்டை விற்கக் கூடாது, மற்ற மாடுகளோடு விடக் கூடாது, மேற்கொண்டு என்ன செய்வதென்று துறையிலிருந்து சொல்வார்கள் என்றார். சொசைட்டியில் எங்கள் தெருப் பாலை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டர் போனதும் வேலம்மா சித்தி எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"கேக்கும்போது ஒரு வார்த்த சொன்னாவளா பாரு. ஒங்க மாடு வீசுனது எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தக் கொடியப் பாத்த அன்னைக்கே படப்பக் கொளுத்தியிருப்பேன். எம் மாடு போச்சு" என்றாள். அப்பா கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அந்த முடிச்சு நான் போட்டது சித்தி" என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் நான் அவளிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு, "ஒனக்கும் காய்ச்சலாமே?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எனக்கும் பத்து நாளா முட்டு வலிக்கி" என்றாள்.

"நீங்க எந்தச் சூட்டுல குடிப்பீங்க சித்தி?"

நாளைக்கு அவளை ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போகிறேன். ஆஸ்பத்திரியில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அப்பா குளத்தங்கரையில் இருந்தார். ஆலமரத்துச் சாக்குகளை நீளக் கம்பால் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குழி, ஆள் ஆழத்துக்கு. கையில் பாலித்தீன் பை கட்டியிருந்தார். நான் போய் நின்றதும், "நீ தொடாத. தள்ளி நில்லு" என்றார்.

பதினோரு நாளில் முதல் பேச்சு. தள்ளி நின்றேன்.

நவம்பர் 29, சனி

மயினிக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்து பதிமூன்று நாள் ஆகிறது. அம்மா தேங்காய் உடைக்கவில்லை. அவசரப்படக் கூடாது என்கிறாள்.

டிசம்பர் 19, வெள்ளி

ஆறு வாரம் முடிந்தது. கடைசி மாத்திரையை மயினியும் நானும் ஒரே நேரத்தில் விழுங்கினோம். எனக்கு முழங்கால் வலி போய்விட்டது. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கேனில் பிள்ளை எடை குறைவு, ஆனால் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். அண்ணன் போனில் எடையை நாலு தடவை கேட்டான்.

ஜனவரி 6, செவ்வாய்

கால்நடைத் துறை ஆட்கள் வந்து செவலையைக் கொண்டுபோனார்கள். டைரி தீர்ந்துவிட்டதால் அட்டையின் உள்பக்கம் எழுதுகிறேன். அம்மா கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். நான் உதவி செய்தேன்.

பிப்ரவரி 11, புதன்

காலை ஆறு மணிக்கு மயினியைப் பிரசவ அறைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் தேதி இருக்கிறது. வலி முன்கூட்டியே வந்துவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள். அப்பா டீக்கடைக்குப் போவதும் டீ குடிக்காமல் வருவதுமாக இருந்தார்.

பத்து மணிக்கு அம்மா அப்பாவைத் தேடி வாசலுக்குப் போன நேரம் பார்த்து நர்ஸ் கதவைத் திறந்தார்.

"ஆவுடைச்செல்விக்கு யாரு வந்திருக்கா?"

வராந்தாவில் முப்பது பேர் இருந்தார்கள். "நாந்தான்" என்றேன். "யாருன்னு கேக்கேன்லா" என்று நர்ஸ் திரும்பவும் கேட்டார். எழுந்து முன்னால் போய், "நாந்தான், நாத்தனார்" என்றேன்.

"பொம்பளப் பிள்ள. ரெண்டு கிலோ நூறு. எடை கம்மி, மத்தபடி நல்லாருக்கு. தாயும் நல்லாருக்காவ. கை கழுவிட்டியா?"

கழுவியிருந்தேன். ஆனாலும் போய்த் திரும்பக் கழுவினேன். முழங்கை வரை, சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில். துடைக்காமல் கையை ஆட்டிக் காயவைத்துக்கொண்டு வந்து பார்த்தால், பிள்ளை அம்மா கையில் இருந்தது. அம்மா அழுதுகொண்டே அதன் கன்னத்தைத் தடவப் போனாள். காலையிலிருந்து அவள் தடவாத சுவர் அந்த வராந்தாவில் இல்லை.

"அம்மா, கை கழுவுனியா?" என்றேன்.

முப்பது பேரும் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள்.